நெஞ்சு வலி என்று சொன்னேன்

அக்கா என் காலுறைகளைப் போட்டுக்கொண்டு நெல் கிளறியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வளைகுடாவில் கட்டட வேலையின்போது நான் போட்டிருந்த தடித்த காலுறைகள். தார்ச்சாலை சுடுகிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அளவு பெரிது என்பதால் கணுக்காலில் சணல் சுற்றிக் கட்டியிருந்தார். பாதத்தைத் தூக்காமல் இழுத்து நடந்தால் காய்கிற நெல்லில் ஏர் உழுத சால்போலக் கோடு விழும், அடியில் இருக்கும் ஈரநெல் மேலே வரும். சாலையோரமாக நீளப் பரப்பிய நெல்லில் ஒரு கோடு போய், அதை ஒட்டியே இன்னொரு கோடு திரும்பி வருவார். கோணல் இருக்காது.

கூடப் பிறந்தவர் இல்லை. மாதா கோயில் தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வாக்கப்பட்டு வந்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னையில் ஓட்டல், பிறகு வளைகுடா என்று ஓடிக்கொண்டே இருந்தவன். ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, கையில் இருந்ததைப் போட்டுத் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்தேன். போர்வெல் தண்ணீரில் கோடை நெல். அக்காவும் தெருப் பெண்கள் சிலரும் கூலிக்கு வந்தார்கள். மெஷின் அறுத்துக் கொட்டும் நெல் ஈரமாகத்தான் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டினால் எடுக்க மாட்டார்கள். அதனால் அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்து, “வெயில் நல்லா இருக்கு” என்றுதான் சொல்வோம்.

ஒருநாள் டீ குடிக்கும்போது பெருமையாகச் சொன்னேன். “அங்கல்லாம் கோடையில மதியம் வேலையே கிடையாதுக்கா. சட்டம். மீறி வேலை வாங்குனா கம்பெனிக்கு அபராதம்.”

“அப்ப அங்கயே கெடக்க வேண்டியதுதானடா? இங்க வந்து எங்கள ஏன் வறுக்குற?” என்றார் அக்கா.

கூட இருந்த பெண் ஒருத்தி, “அவரு இப்ப கம்பெனிக்கா. நாமதான் அவரு அங்க இருந்த மாதிரி இங்க இருக்கோம்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கா விழுந்த அன்று மற்ற பெண்கள் வேறு வயலுக்குப் போயிருந்தார்கள். அன்று மாலை என் நெல்லை எடை போட டோக்கன். மேற்கே மேகம் கட்டியிருந்தது, மழை வந்தால் எல்லாம் போகும். மதியம் அளந்தபோது ஈரம் பதினெட்டு காட்டியது. இன்னும் ஒரு தடவை கிளறச் சொன்னேன். பாதி தூரத்தில் அக்கா நெல்லின் மேலேயே உட்கார்ந்தார். களைப்பு என்று நினைத்தேன். பிறகு சாய்ந்தார். தொட்டபோது உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும். வளைகுடாவில் இரண்டு பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை ஊற்றி, சாமான் ஆட்டோவில் ஏற்றினேன். ஏறும்போது பக்கத்தில் நெல் காயவைத்திருந்தவரிடம், “அண்ணே, நம்மளதையும் கொஞ்சம் கிளறிவிடுங்க” என்றேன். அதையும் இந்த வாய்தான் சொன்னது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து விசாரித்தார். “காலையிலேர்ந்து ஏதும் சொன்னாங்களா?” போலீஸ் வரும், நஷ்டஈடு கேட்பார்கள், டோக்கன் போய்விடும் என்று ஒரே நேரத்தில் எல்லாம் தோன்றியது. “நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிச்சு சார்” என்றேன். அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் சந்தேகம் இல்லை, திகைப்புதான் இருந்தது. நான் சொன்னபடியே தாளில் ஏறியது.

மாலையில் ஈரம் பதினாறு காட்டியது. நெல் எடுபட்டது. அடக்கச் செலவை நான் ஏற்றேன், அன்றைய கூலியையும் முழுசாகக் கொடுத்தேன். மாமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெயிலால் செத்தால் அரசாங்க உதவி உண்டு என்பது சில மாதம் கழித்துத்தான் ஊரில் தெரிந்தது. மாமா எழுதிப் போட்டார். தாளில் இருப்பது நெஞ்சு வலி என்று திருப்பிவிட்டார்கள். தஞ்சாவூரில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த மகள் பணம் கட்ட முடியாமல் நின்று, கோயம்புத்தூர் மில்லுக்குப் போனாள். நான் குத்தகையை விட்டுவிட்டு மறுபடியும் ஊர் ஊராகச் சுற்றினேன்.

ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவும்போது டிவியில் ஒருவர், வெப்பம் கூடக்கூட அதனால் சாகிறவர்களும் கூடுவார்கள், அந்தச் சாவுகளால் நாட்டுக்கு இத்தனை கோடி நஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கணக்கில் அக்கா இல்லை. நான் எடுத்துவிட்டேன். நின்றுபோன நர்சிங் படிப்பும் அதில் இல்லை. என்னைப் போல எத்தனை பேர் எத்தனை பேரை எடுத்திருப்பார்களோ!

போன வருடம் கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்த மகளைப் பார்த்தேன். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோளில் இருந்த பையைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இனிமே அந்தப் பணம் வராது மாமா. வேணாம். அப்பாகிட்ட மட்டும் போய் சொல்லுங்க. நெஞ்சு வலியோட வேலைக்கு அனுப்பிட்டேனேன்னு இன்னும் தன்னையே அடிச்சுக்குறாரு.”

போனேன். மாமா நாற்காலியை எடுத்துப் போட்டு, “வாப்பா” என்றார். நின்றபடியே சொன்னேன். நெஞ்சு வலி இல்லை, வெயில்தான், நான்தான் கிளறச் சொன்னேன், நான்தான் பொய் சொன்னேன். என்னை அடித்திருக்கலாம். அவர் கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார்.

“விழுறதுக்கு முன்னாடி ஏதாச்சும் கேட்டாளா?”

“மணி என்னன்னு கேட்டுச்சு மாமா.”

அவர் முகம் கொஞ்சம் இளகியது. “கேப்பா. ஒண்ணரைக்குப் பாப்பா காலேஜ்லேர்ந்து போன் பண்ணும். அதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும் அவளுக்கு. ஓடியாருவா.”

அக்காவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா கேட்டபோது கையிலிருந்த போனைப் பார்த்தேன். ஒன்று நாற்பது. “இன்னும் ஒரு மணியே ஆகலக்கா” என்றேன்.