கப்பலுக்கு நேர்ந்த விடலை

தென்காசியில் பிறந்த பிள்ளைக்குக் கப்பலோடு என்ன சகவாசம் என்று கேட்பீர்கள். எனக்கு இருந்தது. சொல்லப்போனால், அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே எதிரி ஒரு கப்பல்தான்.

அப்பா அதில் வெல்டராக வேலை பார்த்தார். கொல்லத்தையும் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடத்தில், கப்பல் கட்டுகிற ஊர் ஒன்று. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை ரயிலில் வந்து இறங்குவார். சட்டையெல்லாம் சுட்ட இரும்பின் வாசனை. மறுநாள் நான் கண் விழிக்கும்போது, கொடியில் காய்கிற அவர் துண்டுதான் மிச்சம் இருக்கும். ஒரேயடியாக எப்போது வருவீர்கள் என்று கேட்டால், "கப்பல் தண்ணியில எறங்கட்டும்ட்டி, அப்புறம் ஒங்கூடத்தான்" என்பார். பேச்சுவாக்கில் சொன்னதுதான். நான் அதைப் பத்திரம் எழுதி வாங்கியது போல வைத்துக்கொண்டேன்.

அந்தக் கப்பலோ இறங்குகிற வழியாக இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் தெருமுனைப் பிள்ளையாரிடம் போனேன். எங்கள் பக்கம் அவருக்கு நேர்ச்சை என்றால் விடலைதான். தேங்காயைத் தரையில் ஓங்கி அடித்துச் சிதறவிட வேண்டும். சில்லை அங்கே நிற்கிற பிள்ளைகள் பொறுக்கித் தின்பார்கள். கப்பலைச் சீக்கிரம் தண்ணீரில் தள்ளிவிடு, பதினோரு விடலை போடுகிறேன் என்றேன். பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் நின்று ஞாபகப்படுத்தினேன். பிள்ளையாருக்கே சலித்திருக்கும்.

சாரல் தொடங்கிய சமயம் அப்பாவின் போன் வந்தது. கப்பல் இறங்கப்போகிறதாம், வேலை பார்த்தவர்களின் வீட்டாரையும் உள்ளே விடுவார்களாம். நான் குதித்த குதியில் அடுக்களைப் பாத்திரமெல்லாம் ஆடியது. அம்மா போனை வைத்துவிட்டு வெறுமனே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயணம் என்றாலே அவளுக்கு அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கோட்டை தாண்டியதும் ரயிலை மலை விழுங்கியது. குகைக்குள் இருட்டு, வெளியே வந்தால் வெள்ளை மேகம், மறுபடியும் குகை. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் தூங்கினேனா விழித்திருந்தேனா, இன்றுவரை தெரியாது. மரங்களெல்லாம் தண்ணீருக்கு அடியில் நின்றன. அப்பா அவற்றுக்கு நடுவே நடந்து வந்துகொண்டே இருந்தார். அம்மா உலுக்கி எழுப்பியபோது எதிரே ஆறு வந்திருந்தது. சிற்றாற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதன் மறுகரையைத் தேட வேண்டியிருந்தது. கரையில் ஒரு மஞ்சள் கிரேன், தலையை மேகத்துக்குள் விட்டுக்கொண்டு நின்றது.

அன்று அப்பா எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். முச்சந்தியில் கறுப்பு வண்ணம் பூசி நிறுத்தியிருந்த பழைய நங்கூரம். இரும்பு வருவதற்கு முன்னால் மரத்தில் கப்பல் செய்த கொட்டகை. அதற்கான தேக்கு நம் மலையின் மேற்குச் சரிவிலிருந்துதான் ஆற்றில் மிதந்து வந்ததாம். வேலை நேரம் மாறும்போது ஊதுகிற சங்கு. அதைக் கேட்டுத்தான் ஊரில் உலை வைப்பார்களாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வெகுநேரம் நின்றார். நங்கூரத்தைத் தட்டிக்கொடுத்தார். எனக்கோ கால் வலி.

"இன்னொரு நாள் வந்து பாத்துக்கிடலாம்பா" என்றேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

டீக்கடையில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த கப்பலுக்கு ஆர்டர் வரல்ல. எங்க எல்லாரையும் நாளையோட நிப்பாட்டுதாங்க."

அம்மா டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டாள். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. நான் ஒரு கப்பலுக்குத்தான் நேர்ந்தேன்; பிள்ளையார் அடுத்ததையும் சேர்த்தல்லவா ஒழித்துக்கட்டியிருக்கிறார்!

மறுநாள் காலை கப்பலைப் பார்த்தேன். எங்கள் தெரு அளவுக்கு நீளமாக, சரிவில் உட்கார்ந்திருந்தது. அடியில் சறுக்குப் பாதை முழுவதும் கொழுப்பையும் கிரீஸையும் அப்பிக்கொண்டிருந்தார்கள். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற ஆளுக்கு எண்ணெய் தேய்ப்பது போல இருக்கிறதே என்றேன்.

"அதுவும் குளிக்கத்தானட்டி போவுது" என்றார் அப்பா.

முகப்பில் தேங்காய் உடைத்தார்கள். முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுத்தார்கள். சங்கு ஊதியது. கப்பல் அசையவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. 'பிள்ளையாரப்பா, மானத்த வாங்கிராதப்பா' என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கப்பல் போய்க்கொண்டிருந்தது. யாரும் தள்ளாமல், சத்தமே இல்லாமல். அது தண்ணீரைத் தொட்டதும் ஆறு இரண்டு பக்கமும் வெள்ளையாக எழுந்து நின்றது. குற்றாலம் மெயினருவிப் பாலத்தில் நிற்கிற மாதிரி முகத்தில் சாரல் அடித்தது. எல்லோரும் கூவினார்கள். அப்பா மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எப்பிடி மெதக்கு பாத்தியாட்டி, எப்பிடி மெதக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக நேர்ச்சையைச் சொன்னேன்.

"பேசாமக் கெட. இருக்க இருப்புல பதினோரு தேங்கா கேக்கோ ஒனக்கு?" அம்மா கையை ஓங்கிவிட்டாள்.

அப்பா தடுத்தார். "என்னன்னுட்டி வேண்டிக்கிட்டே?"

"கப்பல் எறங்கணும், நீங்க வீட்டோட இருக்கணும்னு."

அவர் பையை எடுத்துக்கொண்டு தேங்காய் வாங்கப் போனார்.

மழை பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு தேங்காயாக எடுத்து ஓங்கி அடித்தார். தெருப் பிள்ளைகள் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள். வழியே போன அண்ணாச்சி ஒருவர் நின்று, "பலமான நேர்ச்சையால்லா இருக்கு! துபாய் விசா வந்துட்டோ?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. பிள்ள கேட்டது கெடச்சிட்டு" என்றார் அப்பா.

கடைசித் தேங்காயை என்னிடம் கொடுத்தார். நான் அடித்த அடியில் அது உடையாமல் உருண்டு ஓடியது. எடுத்து வந்து, என் கையோடு தன் கையையும் சேர்த்துப் பிடித்து அடித்தார். சில்லுச் சில்லாகப் போயிற்று.

"பிள்ளையாருக்கு நன்றி சொல்லுங்கப்பா" என்றேன்.

அவர் கைகூப்பிக் கண்ணை மூடினார். திறக்கவே இல்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு நன்றி சொல்ல இவ்வளவு நேரமா என்று, தேங்காய்ச் சில்லை மென்றபடி, நான் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றேன்.