சரயேவோவுக்குப் போய் வந்த சனிக்கிழமை

ஸும்ராவுக்கு நாற்பத்தோரு வயதான பிறகுதான் சரயேவோவை ஆற அமரச் சுற்றிப் பார்க்க வாய்த்தது. பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான். ஆனாலும் அதுவரை அவள் அங்கே போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும்.

திரினா ஆற்றங்கரையில் அவள் ஊர். பெண்களுக்கு வேலை கொடுக்க அங்கே இருந்தது ஒரு காலுறை ஆலை. பதினெட்டு வயதில் அதில் சேர்ந்தாள். இருபத்தேழில், மரம் அறுக்கும் இடத்தில் நடந்த விபத்தில் கணவனைப் பறிகொடுத்தாள். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரிடமும் போய் நிற்காமல் வளர்த்தாள். வாய் கொஞ்சம் நீளம். "உன் மூஞ்சியப் பாத்தாலே நூல் அறுந்துபோகுதுய்யா" என்று மேஸ்திரியிடமே சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறவள்.

பக்கத்து மெஷினில் நெவென்கா. பக்கத்து வீடும் அவளுடையதுதான். ஸும்ரா முஸ்லிம், நெவென்கா செர்பியக் கிறிஸ்தவள். ஈஸ்டருக்கு அங்கிருந்து சிவப்பு முட்டை வரும், பெருநாளுக்கு இங்கிருந்து பக்லாவா இனிப்பு போகும். "ஒருநாள் ரெண்டு பேரும் சரயேவோ போய் நல்லா சுத்திட்டு வரணும்டி" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூத்தவள் அல்மாசாவுக்கு வரும் கோடையில் கல்யாணம் என்று முடிவானதும், சாமான் வாங்குகிற சாக்கில் கிளம்பிவிட்டார்கள். அது 1991 அக்டோபர்.

வடக்கே குரோவேஷியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அது டிவியில் நடக்கிற சண்டை என்றுதான் ஸும்ரா நினைத்திருந்தாள். மலைக் கணவாயில் ராணுவத்தார் பஸ்ஸை நிறுத்தி, ஒவ்வொருவர் அடையாள அட்டையையும் வாங்கிப் பெயரை நிதானமாகப் படித்தார்கள். பெயரே மதத்தைச் சொல்லிவிடும்; ஆனாலும் இதற்கு முன் யாரும் அப்படிப் படித்ததில்லை. நெவென்காவின் அட்டை உடனே திரும்பி வந்தது. ஸும்ராவுடையது கொஞ்சம் தாமதித்து வந்தது.

"என் போட்டோ அவனுக்குப் பிடிச்சுப்போச்சு போல" என்றாள் ஸும்ரா. நெவென்கா தன் அட்டையைப் பைக்குள் திணித்தாள்.

பழைய கடைவீதியில் செம்புப் பாத்திரம் தட்டும் ஓசை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டது. பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. திறந்திருந்த ஒன்றில் ஸும்ரா ஒரு காப்பி செட்டை எடுத்துப் பேரம் பேச உட்கார்ந்தாள். கடைக்காரக் கிழவர் அவள் சொன்ன முதல் விலைக்கே தலையாட்டிவிட்டார்.

"என்ன பெரியவரே, பேரம் பேசக்கூடத் தெம்பில்லையா? மணப்பெண் பேரு வெட்டித் தாங்க."

"பேரெல்லாம் வேண்டாம்மா. அப்படியே எடுத்துட்டுப் போங்க. திங்கக்கிழமை நான் ஜெர்மனிக்கு, மகன்கிட்ட போறேன்."

"எப்ப வருவீங்க?"

கிழவர் செட்டைக் காகிதத்தில் சுற்றுவதிலேயே கண்ணாக இருந்தார்.

மசூதி முற்றத்து ஊற்றில் தண்ணீர் குடித்தார்கள். செவாப்பிக் கடையில் ரொட்டியும் சுட்ட இறைச்சியும் வெங்காயமுமாக வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். வெளியே மாவுக்கும் எண்ணெய்க்கும் தெருமுனைவரை வரிசை நின்றது.

மத்தியானம் ரோப்காரில் திரெபெவிச் மலைக்கு ஏறினார்கள். நகரம் காலடியில் கிடந்தது. "அதோ மணிக்கூண்டு! அதோ நாம சாப்பிட்ட கடை! மாடியில ஒருத்தி துணி காயப்போடறா பாருடி, அது தெரியுது" என்று ஸும்ரா குழந்தை மாதிரி கைகாட்டினாள்.

பைன் மரங்களுக்கு நடுவே ஏழெட்டு ஆட்கள் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று நின்றது. அவர்களில் ஒருவன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான். நெவென்காவின் கொழுந்தன் ஸ்லாவ்கோ. ஊரில் மரக் கிடங்கில் இருக்க வேண்டியவன்.

"அண்ணி, நீங்க எங்க இங்க?" என்றவன் ஸும்ராவைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டான். "இங்கருந்து பாக்க நல்லா இருக்குல்ல ஸும்ரா? ஒவ்வொரு ஜன்னலும் தெரியுது."

"என்னத்தப்பா தோண்டறீங்க? புதையலா?"

"தண்ணிக் குழாய்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஸ்லாவ்கோ அண்ணியை லாரிக்கு அந்தப்பக்கம் அழைத்துப்போனான். கால் மணி கழித்துத் திரும்பிய நெவென்கா நிற்காமல் ரோப்கார் பக்கம் நடந்தாள். இறங்கும்போது அவள் நகரத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் நிலையத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"ஸும்ரா, வசந்தத்துக்குள்ள பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஸெனிட்ஸாவுக்கு, உன் அக்கா வீட்டுக்குப் போயிடு."

"ஏன்?"

"கேக்காத. போயிடு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத. என் பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணு."

"என் வீட்டை விட்டுப் போன்னு சொல்ல நீ யாருடி?" ஸும்ரா கத்தியதில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெவென்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஸும்ரா சத்தியம் செய்தாள்.

குளிர்காலம் முழுக்க ஸும்ரா அதை நம்பவும் இல்லை, மறக்கவும் இல்லை. நெவென்கா வேறு மெஷினுக்கு மாறிக்கொண்டாள். பிப்ரவரியில் யாரோ இரவோடு இரவாக எதிர்வரிசையில் முஸ்லிம் வீட்டுக் கதவுகளில் மட்டும் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த அன்று ஸும்ரா ஆலையில் லீவு எழுதிக்கொடுத்தாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று தெருவில் சொல்லிவிட்டு, பெண்களோடு பஸ் ஏறினாள். ஏப்ரலில் செர்பியப் படை ஆற்றங்கரை ஊர்களைப் பிடித்தது, சாலைகள் அடைபட்டன. பள்ளம் தோண்டிய அந்த மலை மேலிருந்து சரயேவோ மீது குண்டு விழத் தொடங்கியது.

அவள் தெருவில் அவளுடையதையும் சேர்த்து முஸ்லிம் வீடுகள் பதினொன்று. போருக்குப் பிறகு மற்ற பத்தில் இரண்டு வீட்டாரைத்தான் அவளால் கண்டுபிடிக்க முடிந்தது.

ஸெனிட்ஸாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அல்மாசாவின் கல்யாணம் ஒரு பதிவு அலுவலகத்தில் பத்து நிமிஷத்தில் முடிந்தது. 1998இல் ஒருநாள் நெவென்கா எங்கிருந்தோ எண் வாங்கிப் போன் செய்தாள். அழுதாளே தவிர எதுவும் பேசவில்லை. ஸும்ரா கடைசிவரை ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள்.

"அவ உங்க மூணு உசிரைக் காப்பாத்தியிருக்கா. ஒரு நன்றி சொல்லக்கூடாதா?" என்றாள் அக்கா.

"எனக்குச் சொன்னா. மத்த பத்து வீட்டுக்கு ஏன் சொல்லலைன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு" என்றாள் ஸும்ரா. "அப்புறம்தான் நெனச்சேன், நானும் யாருக்கும் சொல்லாமத்தானே பஸ் ஏறினேன்."