ஆல்டரேஷன் அக்காவின் கேமரா

"இன்னொரு தடவ குதிங்கண்ணே."

கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தபடி அக்கா சொன்னார். தொப்பையும் டையுமாக இருந்த கேமராக் கடை விற்பனையாளர் மறுபேச்சில்லாமல் குதித்தார். அக்கா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நீங்க எறங்கி மூச்சு வாங்கினப்புறம்தான் எடுத்திருக்கு. வேற குடுங்க."

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணி திருத்தும் கடை வைத்திருப்பவர் அக்கா. கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பார், இடுப்பைப் பிடித்துத் தைப்பார், ஜிப் மாற்றுவார். உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசிகள் இருந்தாலும் பேச்சு தடைபடாது. எதிரே நிற்பவருக்கு எந்தத் தோள் இறக்கம் என்பதைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். அதைச் சொல்லாமலும் விடமாட்டார்.

அவருடைய ஒரே மகள் 'பட்டர்ஃப்ளை' எனப்படும் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் கெட்டிக்காரி. அந்த நீச்சலில் மூச்செடுக்க முகம் மேலே வருவது ஒரு கணம்தான். அந்தக் கணம் அக்காவின் கைபேசிக்கு இதுவரை அகப்பட்டதில்லை. தெறிக்கும் நீர், தொப்பி, ஒருமுறை யாரோ ஒருவரின் பாதம், இவ்வளவுதான். "எம்பொண்ணுன்னு சொல்லி எல்லாருக்கும் தண்ணியத்தான் காட்டிக்கிட்டிருக்கேன்" என்று அலுத்துக்கொள்வார். மகள் இறுதிப்போட்டிக்குத் தேர்வானதும், "கேமரா வாங்கணும், கூட வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விற்பனையாளர் மெகாபிக்சல் கணக்கை ஆரம்பித்தார். "அது இருக்கட்டும்ணே. நான் அமுக்கினதும் எடுக்குதா, யோசிச்சுட்டு எடுக்குதா? அதச் சொல்லுங்க." அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. குதிக்கத்தான் தெரிந்தது. மற்ற வாடிக்கையாளர்களும் கூடிவிட்டார்கள். கடைசியில் ஒரு கறுப்புக் கேமரா படபடவென்று அடுக்கடுக்காகப் படமெடுத்தது. திரையில் மனிதர் அந்தரத்தில் நின்றார்: டை காதோரம் பறக்க, இரண்டு காலணிகளும் தரையை விட்டு எழும்பி, கண்கள் இறுக மூடி. அக்கா கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார். "இதான்."

அன்றிலிருந்து கடையில் வேலை பாதி, பயிற்சி பாதி. தையல் இயந்திரத்தை ஓடவிட்டு அதன் ஊசியைப் படமெடுத்தார். முதலில் ஊசி புகையாய்த் தெரிந்தது. கேமரா படமெடுக்கும் வேகத்தைக் கூட்டக் கூட்டப் படம் இருட்டியது. இருட்டைப் போக்கக் கேமராவின் ஒளி உணர்வை ஏற்றினார். படத்தில் புள்ளிகள் விழுந்தன. "புள்ளி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், கோலமா போடுறேன்?" ஒரு மாலை மாடிப்படியேறி ஓடிவந்து என் கதவைத் தட்டினார். திரையில் ஊசி அசையாமல் நின்றது. அதன் காதில் நூல்கூடத் தெரிந்தது.

போட்டியன்று நீச்சல்குளத்தின் முடிவுச் சுவரோரம் இடம்பிடித்தோம். விசில் ஒலித்தது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டார். மகளும் பக்கத்துத் தடத்துப் பெண்ணும் சமமாக வந்தார்கள். கேமரா படபடத்தது. நான் கத்தியதில் என் தொண்டை கட்டிவிட்டது. கையில் நிறுத்துகடிகாரம் வைத்திருந்த நடுவர்கள் கூடிப் பேசி, அக்காவின் மகளே முதல் என்று அறிவித்தார்கள். நான் அக்காவின் முதுகில் தட்டினேன். அவர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

முகம் கிடைத்துவிட்டது. நீரைக் கிழித்து எழும்பிய முகம், திறந்த வாய், இமையில் தொங்கும் துளி. ஆனால் அவர் விரல் அதையும் தாண்டிக் கடைசிப் படத்தில் நின்றிருந்தது. பக்கத்துத் தடத்துப் பெண்ணின் இரு கைகளும் சுவரைத் தொட்டிருந்தன. மகளின் கைகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்குத் தண்ணீர்.

"யாரும் பாக்கல அக்கா" என்றேன்.

"நான் பாத்துட்டேனே" என்றவர் மகளைக் கூப்பிட்டார்.

தலை சொட்டச் சொட்ட வந்தவள் முதலில் தன் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, நானா இது? பேய் மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாள். அக்கா அடுத்த படத்துக்குத் தள்ளினார். சிரிப்பு நின்றது.

"அவதாம்மா மொதல்ல தொட்டிருக்கா."

"ஆமா."

"வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்லடி. நீ என்ன சொல்ற?"

அவள் ஈரக் கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு நடுவர் மேசையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். கேமராவின் வார் இன்னமும் அக்காவின் கழுத்தில் கிடந்தது. அதனால் அக்காவும் குனிந்த தலையோடு அவள் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று.

நடுவர்கள் அந்தப் படத்தை மாறி மாறிப் பார்த்தார்கள். முடிவு மாற்றப்பட்டது.

மேடையில் மகள் இரண்டாம் படியில் நின்றாள். கண் சிவந்திருந்தது, முதுகு வளையவில்லை. முதல் படியில் நின்ற பெண்ணோடு பயிற்சியாளரைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. அவள் பதக்கத்தையே பார்த்துத் தலை குனிந்து நின்றாள். அக்கா கேமராவை முதலில் அவள் பக்கம் திருப்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடது கை விரலால் தன் முகவாயை மெல்ல மேலே தள்ளிக் காட்டினார்.