கேஸ் பேசக் கூடாது

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. இடுப்பில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு தடம், அவ்வளவுதான். பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரை தரையிலேயே கிடந்தேன். பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்த பழக்கத்தில், கிடந்தபடியே அந்தச் செய்திக்குத் தலைப்பு யோசித்தேன். 'மூதாட்டி வழுக்கி விழுந்தார்' என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. பெண்ணுக்கு அறுபது தாண்டினால் மூதாட்டி என்பது எங்கள் டெஸ்க்கின் விதி. எத்தனையோ பேருக்கு அந்தச் சொல்லைத் தயங்காமல் போட்டிருக்கிறேன்.

இதை டொரண்டோவில் இருக்கும் தம்பியிடம் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே பெங்களூரில் ஒரு முதியோர் இல்லத்தின் வீடியோவை அனுப்பினான். அதில் நரைத்த தலைகள் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சிவப்புப் பந்து எறிந்துகொண்டிருந்தன. யாரும் அந்தப் பந்தைப் பிடிக்கவில்லை.

"ரெண்டே கேள்விக்கா," என்றான். "விழுந்தா உன்ன யார் தூக்குவாங்க? ஆஸ்பத்திரியில உனக்காக யார் முடிவு சொல்லுவாங்க? ரெண்டுக்கும் ஆள் காட்டு, விட்டுடறேன். இல்லன்னா இந்த மாசமே ரூம் போட்டுடுவேன்."

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும், பெங்களூருக்கு அப்பால் பழைய தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் அப்பா விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பினேன். எந்த சுவிட்ச் எங்கே என்று கைக்குத் தெரிந்த வீடு உலகத்தில் இது ஒன்றுதான். பந்து எறியப் போக எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது கேள்வியை நானே முன்பு யோசித்திருந்தேன். திரும்பி வர வழியில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, தொண்டையில் குழாய் செருகி என்னை நீட்டிக்க வேண்டாம். அதைச் சாட்சி வைத்து எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கலாம். ஆனால் எனக்காகப் பேசப்போகிறவர் என்று ஒருவர் பெயரையும் அதில் எழுத வேண்டும். அந்த ஒருவர்தான் என்னிடம் இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரண்டையும் கேட்டேன். சுரங்கம் ஓடிய காலத்தில் முதலுதவிப் போட்டிகளில் தான் இறங்கி வேலை செய்த சுரங்கக் குழியின், அதாவது ஷாஃப்டின், டீமுக்கு அவர்தான் கேப்டன். ஜெயித்த கப்பில் இப்போது அவர் வீட்டில் பெருங்காயம் இருக்கிறது. என்னைப் பாவாடை சட்டையில் பார்த்தவர். அதனால் நான் இன்னும் பாப்பாதான்.

"தூக்கறது நம்ம வேலை. அத உடு," என்றார். "ஆனா டியூப் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன் பாப்பா. எங்க டீம் எந்தக் கேஸையும் பாதியில உட்டதில்ல. ரெண்டு காலும் ஒடிஞ்சி வெசவாயு அடிச்சி விழுந்தவனக்கூட பொழைக்க வெச்சோம்."

"அதெல்லாம் நடிப்புதானே அண்ணா?"

"நடிப்புன்னா இன்னா? பொழைச்சானா இல்லியா?"

பிழைத்தவரும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். போட்டிகளில் அடிபட்டவனாகப் படுப்பது ஒன்றே அவர் வேலை. அடிபட்டவனை அவர்கள் 'கேஸ்' என்பார்கள். அவ்வளவு அசையாமல் படுப்பவர் எந்த ஷாஃப்டிலும் கிடையாது என்று பெயர் வாங்கியவர். தூக்குவதை ஒத்திகை பார்த்துத் தம்பிக்கு வீடியோவில் காட்டிவிடலாம் என்று கேப்டன் முடிவு செய்தபோது, பழைய கேஸுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அவங்கள எதுக்கு படுக்க வைக்கிறீங்க? நான் இல்லியா?"

"தூக்க வேண்டியது அவங்களடா."

"அவங்களுக்குப் படுக்கத் தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை டீம் வந்தது. கேப்டன், பழைய கேஸ், தூக்குகிறவர்கள் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னொருவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இரண்டு மூங்கில் கழிகளை இரண்டு கோணிகளில் நுழைத்து ஸ்ட்ரெச்சர் தயாரானது. வெங்காயக் கோணி. போனைப் பிரிட்ஜ் மேல் நிறுத்தி வைத்தேன். தம்பி அதில் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

குளியலறை வாசலில் விரித்த கோணி மேல் மல்லாந்து படுத்தேன்.

"கைய தொங்கப் போடுங்கம்மா," என்றார் பழைய கேஸ். "மூஞ்சில உயிர் இருக்குது. அதக் கொஞ்சம் கொறைங்க."

"வெங்காயத் தோல் கண்ணுல விழுது."

"கேஸ் பேசக் கூடாது," என்றார் கேப்டன். "மார்க் போயிடும்."

யார் மார்க் போடுகிறார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்கும் மார்க் போகும் என்பதால் கேட்கவில்லை.

"தூக்கு," என்றார் கேப்டன். தூக்கினார்கள். உண்மையிலேயே நன்றாகத் தூக்கினார்கள். கேப்டன் எனக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி ஆர்டர் கொடுத்தார். நடை திரும்பும் இடத்தில் கழியின் முனை காலி சிலிண்டரில் இடித்தது. கேப்டன் குனிந்து அதைத் தூக்கி நகர்த்தப் பார்த்தார். "ஆ" என்றார். அதற்குப் பிறகு நிமிரவில்லை.

கேப்டன் சொல்லாமல் கேஸை இறக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. கேப்டனுக்கோ 'ஆ' தவிர வேறு சொல் வரவில்லை. அதனால் ஆபரேஷன் முழங்கால் நடுநடுங்க, இரண்டு பேரும் என்னைத் தூக்கியபடியே நின்றார்கள். பழைய கேஸ் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிட்ஜ் மேலிருந்து தம்பி, "இன்னாக்கா ஆச்சு? படம் நின்னுடுச்சா?" என்றான்.

"இறக்குங்க," என்றேன்.

"போச்சு," என்றார் பழைய கேஸ். "பேசிட்டாங்க."

கேப்டனை அதே கோணியில் குப்புறப் படுக்க வைத்தோம். இந்த முறை நாலு முனைக்கும் ஆள் வேண்டியிருந்தது. நாலாவது முனையை நான் பிடித்தேன். போனைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தோம். ஆட்டோவில் அவரைக் குறுக்காகக் கிடத்தினோம். நான் ஓரத்தில் ஒண்டிக்கொண்டேன். சென்னையிலிருக்கும் அவர் மகன் போனை எடுக்கவில்லை என்று பழைய கேஸ் வெளியிலிருந்து சொன்னார்.

ஆட்டோ கிளம்பியதும் கேப்டன் என் புடவை முனையைப் பிடித்தார். "பாப்பா. இன்னா ஆனாலும் ஊசி வேணாம்னு சொல்லிடு."

"ஊசின்னா பயமா?"

"பயமில்ல. வேணாம்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கன்னடத்தில், இவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். பக்கத்து வீடு என்றேன். அவர் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே எழுதிக்கொண்டார்.

டாக்டர் இளைஞர். முதுகை அழுத்திப் பார்த்தார். தசைப் பிடிப்புதான், ஊசி போட்டால் உடனே கேட்கும், மாத்திரை என்றால் ஒரு வாரம் இழுக்கும் என்றார். "போட்டுடலாமா தாத்தா?"

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார். கையைத் தொங்கப் போட்டார்.

"பேச மாட்டாரா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"பேசுவார். இப்ப பேச மாட்டார். இப்ப அவர் கேஸ்."

டாக்டர் அதை விளக்கச் சொல்லவில்லை. "அப்ப நீங்க சொல்லுங்க. ஊசிதான் நல்லது."

எனக்கும் ஊசிதான் நல்லது என்று பட்டது. ஒரு வாரம் இவர் முனகுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கப்போகிறவள் நான். ஆனால் டாக்டர் கேட்டது என் முதுகைப் பற்றி அல்ல.

"ஊசி வேண்டாம்," என்றேன். "மாத்திரை கொடுங்க."

டாக்டர் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை அதையே சொன்னேன். கேப்டன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அவர் வீட்டுக் கட்டிலில் குப்புறக் கிடத்தி, முதுகில் வெந்நீர்ப் பை வைத்த பிறகுதான் கேப்டன் பேசினார்.

"அந்தப் பேப்பர எடுத்துகினு வா. எம் பேரு எழுது."

"கேஸைப் பாதியில விட மாட்டோம்னு சொன்னீங்க?"

"நீ எனக்கு ஊசி போட உடல. நான் உனக்கு டியூப் போட உட மாட்டேன். அவ்வளவுதான். இதுல இன்னா பேச்சு?"

என் பையிலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. போனை அணைக்க மறந்திருக்கிறேன். ஆட்டோ சத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை எல்லாவற்றையும் தம்பி கேட்டிருக்கிறான்.

"ரூம் வேணாம்னு சொல்லிடறேன்க்கா," என்றான். "ஆனா மொதக் கேள்வி அப்படியே இருக்குது. உன்ன யார் தூக்குவாங்க? அவருக்கே முதுகு போச்சே."

"டீம் கீது," என்றார் கேப்டன், தலையணைக்குள்ளிருந்து.

"இன்னிக்கு ஒத்திகை செல்லாது," என்றார் வாசலில் நின்ற பழைய கேஸ். "கேஸ் பேசிச்சு. பத்தாததுக்கு எழுந்து வந்து கேப்டன தூக்கிச்சு. டிஸ்குவாலிஃபை."

கேப்டன் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார். "ரூல் ரூல்தான்," என்றார். "முதுகு நிமிரட்டும், மறுபடி வெச்சிக்கலாம்."

அன்று மாலை, நடையிலிருந்த காலி சிலிண்டரைச் சமையலறைக்குள் உருட்டி வைத்தேன்.