ஈரக்காலும் ரெக்கார்டு நோட்டும்

என் அக்கா இன்று நில அளவையர். "பழைய படத்துல இருக்கிறதையே போட்டுடுங்க மேடம்" என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள். இந்தக் கோபம் பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கியது.

அவள் எடுத்த பாடம் புவியியல். பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களின் மேடுபள்ளத்தைச் சம உயரக் கோடுகளாக ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். சார் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வில் உட்கார முடியும். யாரும் தெருவில் இறங்கி அளந்ததில்லை. போன வருடத்து நோட்டை வாங்கி ஈயடிச்சான் காப்பி அடிப்பார்கள். போன வருடத்துக்காரர்களும் அப்படித்தான்.

அந்தப் படத்தில் பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. நிஜத்திலோ, நாலு தூறல் போட்டாலே தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் பள்ளிக்கூட வாசலுக்குள்தான் வரும். அத்தனை வருடமாக அத்தனை பேரும் ஈரக்காலோடு உட்கார்ந்து அந்த மேட்டை வரைந்திருக்கிறார்கள்!

அக்கா மாட்டேன் என்றாள். கொத்தனாரான அப்பாவின் மட்டக் குழாயை எடுத்தாள். தண்ணீர் நிரப்பிய நீள டியூப் அது. இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்தால் எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரிந்துவிடும். ஒரு முனை அவளிடம், மறுமுனை என்னிடம். மூன்று ஞாயிற்றுக்கிழமை தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

"என்னம்மா, ரோட்டுக்கே வீடு கட்டுறீங்களா?" என்றார் பெட்டிக்கடைக்காரர்.

"ஆமா, முடிஞ்சதும் சொல்றோம், குடி வந்துடுங்க" என்றாள் அக்கா.

அளந்து முடித்தபோது, பள்ளிக்கூட வாசல் மேல்தெருவைவிட நாலடி பள்ளம்.

சார் நோட்டைத் தள்ளிவிட்டார். "எல்லாரும் ஒரு மாதிரி போட்டிருக்காங்க, நீ மட்டும் தலைகீழா போட்டிருக்க. வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் என்னைத்தான் கேப்பாரு. மாத்திக் கொண்டா."

"மாத்த மாட்டேன் சார்."

"ஒரு வருஷம் வீணாப் போயிடும், தெரியுமா?"

"தெரியும். அளந்ததால கையெழுத்துப் போடலன்னு எழுதிக் குடுங்க சார்."

வீட்டில் அம்மா அழுதாள். "நாலு கோடுதானடி, மாத்திப் போட்டா என்ன குறைஞ்சு போயிடுவ?" அப்பா குழாயைக் கழுவிச் சுருட்டி அக்காவின் பையில் வைத்தார்.

தேர்வன்று விடிய விடிய மழை. அக்கா கையெழுத்தில்லாத நோட்டோடு வாசற்படியில் நின்றாள்; எக்ஸாமினரை வரவேற்கச் சாரும் அங்கேயே நின்றார். எக்ஸாமினர் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். அவள் நோட்டை விரித்து நீட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். சார் பேனாவைத் திறந்தார்.

மறு வருடம் நான் அதே வகுப்பு. என் தோழிகள் மொத்தமாக வீட்டுக்கு வந்து நின்றார்கள். "அக்கா, உங்க நோட்டைக் குடுங்கக்கா, பார்த்துப் போட்டுக்கிறோம்."

அக்காவுக்கு முகம் சிவந்தது. உள்ளே போய் டியூபை எடுத்து வந்து முதல் ஆளின் கையில் திணித்தாள்.

"நோட்டு கிடையாது. போய் அளந்து பாருங்க. நான் போட்டது தப்புன்னா, வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."