நூல் கட்டிய சோற்றுப் பார்சல்

லதீசன் சம்பூரை விட்டு ஓடும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஷெல் விழுந்த வருடம். படகில் இராமேஸ்வரம், அங்கிருந்து திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு முகாம். அங்கேயே வளர்ந்து, பெயின்ற் அடிக்கப் பழகி, அந்த ஊர்ப் பெண் பாண்டிச்செல்வியைக் கட்டினான். மகள் தர்ஷிகாவுக்கு எட்டு வயதானபோது முகாம் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு திருகோணமலைக்குத் திரும்பினான். ஊருக்கு வந்துவிட்டோம் என்று அவன் சொன்னான். மற்ற இருவரும் வெளிநாட்டுக்கு வந்திருந்தார்கள்.

சம்பூரில் அப்பாவின் காணி பற்றைக்காடு மண்டிக் கிடந்தது. கிணற்றடியில் யானை லத்தி, ஈரம் காயாமல். கோயில் யானையைத் தவிர வேறு யானையைப் பாண்டிச்செல்வி அறியாள்.

“இதுக்குப் பாகன் யாருங்க?” என்று கேட்டாள்.

காட்டு யானை என்றதும் எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். திருகோணமலை நகரில், கோட்டைக்குப் போகும் வழியில் ஓர் அறையும் சமைக்கக் குசினியும் வாடகைக்குக் கிடைத்தன.

அங்கே மான்கள். ரோட்டில் படுத்தால் பஸ் வந்தாலும் எழும்பாதவை. கொடியில் காயப்போட்ட சேலையின் முந்தானையை ஒன்று மென்று விழுங்கிவிட்டது. குரங்கு குளிக்கும் சவர்க்காரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரையில் இருந்து கடித்துப் பார்த்துத் துப்பியது. ஒருநாள் கழிவுநீர்க் கானுக்குள்ளிருந்து ஆள் நீளத்துக்கு ஒன்று ஊர்ந்து வந்தது. முதலை என்று பாண்டிச்செல்வி போட்ட சத்தத்தில் அயல் கூடிவிட்டது.

“முதலையில்லை பிள்ளை, கபரக்கொய்யன். உடும்பு மாதிரித்தான். அது தன்ரபாட்டில போகும்,” என்றாள் வீட்டுக்காரி இலட்சுமி.

“இம்புட்டுப் பெரிய பேரு வச்சிருக்கீங்க, சாக்கடைக்கு ஒரு கதவு வைக்கக் கூடாதாக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாட்களில் அவளும் சிரித்தாள்.

ஆனால் புறப்படும் முன்னரே அவர்களுக்குள் ஒரு பேச்சு ஆகியிருந்தது. “பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒட்டுச்சுன்னா நான் இருக்கேன். ஒட்டலைன்னா அவளைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நீங்க மறிக்கக் கூடாது.” அவன் தலையாட்டியிருந்தான். அவளுக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது. மகளை விசா எடுத்துக் கூட்டிப்போகலாம். முகாமில் பெயர் வெட்டிக்கொண்டு வந்தவன் அங்கே போய் இருந்து உழைக்க முடியாது. மகள் பள்ளிக்கூடத்தில் ஒட்டுவதில்தான் அவன் குடும்பம் இருந்தது.

பின்னேரங்களில் கேட்பான். “எப்பிடியம்மா பள்ளிக்கூடம்?”

“நல்லா இருந்துச்சுப்பா.”

பாண்டிச்செல்வி கேட்பதில்லை. புத்தகப் பையைத் திறந்து பார்ப்பாள். ஊரில் அவள் ஓட்டலில் பார்சல் கட்டியவள். இலையில் சோறு, மேலே தாள், குறுக்கும் நெடுக்குமாக நூல், விரலில் சுண்டி ஒரு முடிச்சு. இங்கே வாழையிலை தினமும் கிடைக்கவில்லை. கடையில் கட்டாக விற்கும் லஞ்ச் சீற் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சோற்றை மடித்தாள். இந்த ஊரில் மடித்துச் செருகுவதோடு சரி. அவளுக்கு அது மனம் வரவில்லை, வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டினாள். பின்னேரம் பையில் பார்சல் இருக்காது.

“ஒரு பருக்கை மிச்சமில்ல. உங்க மக ஒட்டிக்கிட்டா,” என்பாள்.

அதைக் கேட்ட இரவுகளில் லதீசன் நன்றாகத் தூங்கினான்.

பெயின்ற் வேலை கிடைக்காததால் அவன் நகரத்துக் குப்பை ஏற்றும் ட்ரக்டரில் கூலிக்கு நின்றான். ட்ரக்டர் ஓட்டுபவன் முனீப், கிண்ணியாக்காரன். ஒரு காலை கடற்கரைப் பக்கத்து வெளியில் மான் ஒன்று செத்துக் கிடப்பதாகச் சொல்லி அவர்களைக் கூப்பிட்டார்கள். ஒரு கொம்பு முறிந்த கிடா. மிருக வைத்தியர் முன்னமே வந்து வயிற்றைக் கீறியிருந்தார். உள்ளே தேங்காய் அளவில் ஓர் உருண்டை.

“வாளியில தண்ணி கொண்டு வாங்கோ,” என்றார் வைத்தியர். ஊற்ற ஊற்ற உருண்டை இளகியது. “பாருங்கோ, முழுக்க லஞ்ச் சீற். பிறகு எங்க செமிக்கிறது?”

சீற்றுகளுக்கிடையில் வெள்ளை நூல். குறுக்கும் நெடுக்குமாக, முடிச்சு அவிழாமல்.

“என்னடா மச்சான், இந்த மான் தையலும் படிச்சிருக்கு போல,” என்றான் முனீப்.

லதீசன் மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டப் போனான். எத்தனை முடிச்சு என்று எண்ணாமலிருக்க ஆழமாக வெட்டினான்.

“காணும்டா, போதும். மானைத்தானே புதைக்கிறம்!” முனீப் கத்தினான்.

மறுநாள் இடைவேளை நேரத்தில் பள்ளிக்கூடத்தின் பின்வேலிக்குப் போனான். கம்பிக்கு உள்ளே, தண்ணீர்த் தாங்கியின் மறைவில், தர்ஷிகா நின்றாள். கையில் அவிழ்க்காத பார்சல். வெளியே பெட்டை மான் ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அவனைக் கண்டதும் பார்சலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“ஏனம்மா சாப்பிடேல்லை?”

“பசிக்கலப்பா.”

“ஒவ்வொரு நாளுமா?”

காலால் மண்ணைக் கிளறினாள். “பார்சலப் பிரிச்சா எல்லாரும் வந்து நின்னுக்கிறாங்க. ‘இந்தியாக் கடை திறந்தாச்சு’ன்னு. ஒருத்தன் என்னை மாதிரியே பேசிக் காட்டுவான், ‘சார், சாம்பார் தனியா கட்டவா சார்’னு. டீச்சர் வந்தா ஓடிருவாங்க. அப்பறம் திரும்ப வருவாங்க.”

“அம்மாட்ட நூல் கட்டவேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே?”

“அம்மா அதை ஆசையாக் கட்டுதுப்பா.”

மான் கம்பியை முட்டியது.

“தாளோட குடுக்கிறனீயா?”

“ஆமா. முகாம்ல ஆடு இலை, பேப்பர், நூல் எல்லாம் தின்னுமே. பிரிச்சுக் குடுத்தா யாராவது பாத்திருவாங்க.” சட்டென்று தலையை நிமிர்த்தினாள். “அப்பா, கொம்பு ஒடிஞ்சது ஒண்ணு வரும். அதுதான் எங்கூட நிக்கும், தின்னு முடிச்சாலும் போகாது. ரெண்டு நாளாக் காணோம்.”

“கோட்டைப் பக்கம் போயிருக்கும்,” என்றான்.

“திரும்ப வருமா?”

மணி அடித்தது. அவன் கம்பிக்கூடாகக் கையை விட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டான். அவள் வகுப்புக்கு ஓடினாள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போய் முடியும்வரை வாசலுக்கு வெளியே நின்று, கடைசியாகப் போனாள்.

சொல்லாமல் விடலாம். நாளைக்கே ஒரு டப்பா வாங்கிக் கொடுத்து, பிளாஸ்ரிக் நல்லதில்லை என்று பாண்டிச்செல்வியிடம் ஏதாவது கதை விடலாம். அவள் நம்புவாள். இன்னும் ஒரு வருடம் ஓடும். ட்ரக்டரில் நின்றபடி அன்று முழுவதும் அதையே யோசித்தான். பார்சல் அவன் சட்டைக்குள் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து மனைவியின் முன் வைத்தான். மானின் வயிற்றில் கண்டதையும், வேலியில் கேட்டதையும் மகள் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னான்.

பாண்டிச்செல்வி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் கட்டுனதாலயா?”

“இல்லை செல்வி. அதுகள் சின்னப் பிள்ளையள்... டப்பா வாங்குவம். சீற்றும் வேண்டாம், நூலும் வேண்டாம்.”

“டப்பாவுல போட்டுக் குடுத்தா, அவ பக்கத்துல ஒரு பிள்ளை வந்து உக்காருமா?”

புறப்படும் முன் பேசிய பேச்சை அவள் நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவன் மகளைக் கூப்பிட்டான்.

“அம்மாவோட அம்மாச்சி வீட்ட போய் அங்க படிக்கிறியா?”

“நீங்க?”

“எனக்கு இங்க வேலையெல்லே.”

தர்ஷிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். யாருக்கு எது வேண்டும் என்று தேடுகிற பார்வை. பிறகு பாயில் கிடந்த பார்சலைக் கண்டாள். போய் உட்கார்ந்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்து, மத்தியானச் சோற்றை இரண்டு கன்னமும் உப்ப அள்ளித் திணித்தாள்.

“இனிமே சாப்பிடுறேன்ப்பா. எல்லாரும் பாத்தாலும் முழுசா சாப்பிடுறேன். அனுப்பாதீங்க.”

சோறு புளித்திருந்தது. அவள் முகம் சுளிக்காமல் விழுங்கினாள். இங்கே இருந்தால் ஒவ்வொரு பின்னேரமும் நல்லா இருந்துச்சு என்றே சொல்லுவாள், அவன் கேட்பதை நிறுத்தும்வரைக்கும்.

லதீசன் அவள் கையைப் பிடித்துப் பார்சலை விலக்கினான். “துப்பம்மா. பழசு.”

அவள் துப்பவில்லை. அவன் எழுந்து அலுமாரியைத் திறந்து, உடுப்புகளுக்கு அடியில் கையை விட்டு, தாய், மகள் இருவரின் பாஸ்போர்ட்டுகளையும் எடுத்தான்.