இரண்டு கையிலும் படும் பந்து

வலது கை வளையல் கழலவில்லை. அதுதான் முதல் அறிகுறி. எனக்கோ அதைப் பார்த்துச் சந்தோஷம்தான் வந்தது.

மகள் பிறந்ததோடு வாலிபாலை விட்டவள் நான். அவள் கோவையில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, மயிலாப்பூரில் மாநகராட்சி மைதானம் ஒன்றில் காலையில் ஆடும் பெண்களோடு போய்ச் சேர்ந்தேன். கூப்பிட்டவள் விஜி. கல்லூரி அணியில் என்னோடு ஆடியவள். முதல் வாரமே என் இரண்டு முன்கைகளும் சிவந்து, பிறகு கன்றிப் போயின. கைகளைச் சேர்த்து நீட்டி சர்வீஸை எடுக்கும்போது பந்து வந்து விழும் இடம் அது. எங்கள் கூட்டத்தில் யாரும் அந்தக் கன்றலை மறைப்பதில்லை. தரமணியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலும் அதைக் காட்டிக்கொண்டுதான் திரிந்தேன்.

"நாலு நாள் ஐஸ் வெய்யி மச்சி. அப்புறம் தோல் மரத்துப் பூடும்," என்றாள் விஜி.

கன்றல் ஆறுவதற்குள் ஸ்மாஷ் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். பந்துக்காக எம்பும்போதெல்லாம் உடம்பில் பழைய பெண் ஒருத்தி எழுந்து வருவதாகத் தோன்றியது. சில நாட்களில் வலது கை கனத்தது. புஜத்திலிருந்து விரல் நுனி வரை ஒரு நீலம் படர்ந்தது. ரவிக்கையின் வலது கை ஏற மறுத்ததும் தையற்காரரைத் திட்டினேன். பிறகு, பழைய பலம் திரும்புகிறது போலும் என்று கண்ணாடி முன் நின்று கையை மடக்கிப் பார்த்துப் பூரித்துப்போனேன். இப்படியும் ஒரு மடச்சி இருப்பாளா?

என் கணவர் செல்வம் ராயப்பேட்டையில் இரு சக்கர வண்டி மெக்கானிக். அவர்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா சுதா, கை கல்லு மாதிரி கீது?"

"கன்னிப் போச்சு மாமா. ஆட்டத்துல வர்றதுதான்."

"குடு, நீவி உடறேன்."

தினமும் கடையை மூடிவிட்டு வந்து, கையிலிருக்கும் கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். எண்ணெயைச் சுடவைத்து, மணிக்கட்டிலிருந்து தோள் வரை அழுத்தி நீவி விடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில்கூட மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதையும் நான் ஆட்டத்தின் கணக்கிலேயே எழுதினேன்.

வளையலைச் சோப்பு போட்டும் கழற்ற முடியாமல் போனபோது, கடையிலிருந்து கட்டிங் பிளேயர் கொண்டுவந்து வெட்டி எடுத்தார். கவரிங் வளையல்தான், போகட்டும். அது இருந்த இடத்தில் விழுந்திருந்த பள்ளம் வெகுநேரம் மறையவே இல்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என்னை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி இருந்தது. அதற்குள் வலி நிற்க ஒரு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

மருத்துவர் என்னைவிட வயதில் இளையவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, என் இரண்டு கைகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

"எந்தக் கையால பந்த எடுப்பீங்க?"

"ரெண்டு கையையும் சேத்து வெச்சுதான் டாக்டர்."

"அப்போ ரெண்டும்தானே கன்னணும்? இடது கை ஆறிடுச்சு. வலது மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

பந்து இரண்டு கையிலும் சமமாகப் பட வேண்டும் என்பதுதான் பள்ளியில் நான் கற்ற முதல் பாடம். என் சொந்த ஆட்டத்திலிருந்து ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார், அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் என் ரவிக்கையின் கழுத்தை லேசாக விலக்கிக் காட்டினார். வலது தோளிலும் மார்பின் மேற்புறத்திலும் நீல நரம்புகள் புடைத்துக் கிடந்தன. தினமும் குளிக்கிறவள் நான். அவற்றை நான் பார்த்ததே இல்லை.

"இது கன்னினது இல்லீங்க," என்றார்.

அன்றே டாப்ளர் ஸ்கேன் (ரத்தம் ஓடுவதை ஒலி அலைகளால் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். கழுத்தடியில் தோள்வரை நீளும் காறை எலும்புக்கு அடியில் போகும் பெரிய சிரையில் (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) த்ராம்போசிஸ் (குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது). காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள இடுக்கு எனக்குக் குறுகலாம். கையை ஓங்கி ஓங்கி அடித்ததில் சிரை அங்கே நசுங்கியிருக்கிறது.

"கைய யாராவது நீவி விட்டாங்களா?"

செல்வம் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "நான்தான் டாக்டர். டெய்லி," என்றார்.

"இனிமே நீவாதீங்க. உறைஞ்சது உடைஞ்சு நுரையீரலுக்குப் போயிடலாம்," என்று சொன்னவர் என் பக்கம் திரும்பி, "மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டார்.

ஒரு சிறு துண்டு ஏற்கெனவே நுரையீரலுக்குப் போயிருந்ததை அடுத்த ஸ்கேன் காட்டியது. எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. அதிர்ச்சியில் மனசு ஒரு அற்ப விஷயத்தையே பிடித்துக்கொண்டு நின்றது: ஞாயிற்றுக்கிழமை என்னுடைய இடத்தில் யார் ஆடுவார்கள்? செத்துப்போயிருப்பேன் என்பது உறைக்கப் பல நாட்கள் ஆயின.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த எனக்குச் செல்வத்தின் குரல் மட்டும் கேட்டது. "நான் தள்ளி உட்டுட்டேனா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாது. தானாவும் போயிருக்கலாம். அத நினைச்சுக்கிட்டே இருக்காதீங்க."

அவர் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, உறைந்ததைக் கரைக்கும் மருந்தை விட்டார்கள். பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரைகள். அந்த இடுக்கு திரும்பவும் நசுக்காமலிருக்க முதல் விலா எலும்பை எடுத்துவிட வேண்டும் என்றார் அறுவை சிகிச்சை நிபுணர்.

"அத எடுத்துட்டு வேற ஒண்ணு வெப்பீங்களா சார்?" என்று கேட்டார் என் மெக்கானிக்.

"வேண்டாம். அது இல்லாமலே வண்டி ஓடும்," என்றார் நிபுணர். அன்றைக்குச் சிரித்தது நான் மட்டும்தான்.

எலும்பை எடுத்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த இடி. செல்வம் என்னைத் தொடவில்லை. காபி டம்ளரைக்கூட விரல் படாமல் வாங்கினார். வலது கையில் பட்டுவிடாமல் தெருவில் எனக்கு இடப்பக்கமாகவே நடந்தார். மருத்துவமனையில் ஊசிகளைத் தாங்கிக்கொண்ட எனக்கு இதைத் தாங்க முடியவில்லை.

"இன்னா மாமா, நான் செத்துப் பூட்டேன்னு நென்ச்சுகினு கீறியா?"

"கை வெக்க பயமா கீது சுதா."

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது ஒரு கை மட்டும் வீங்கி, நீலமாகி, கனத்தால், நீவாதீர்கள். அன்றே போய்க் காட்டுங்கள். தெரியாமல் நீவி விட்டவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், அவரையும் மருத்துவர் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யத் தவறிவிட்டேன். எனக்கு மாத்திரை கிடைத்தது, அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த மாத்திரைகள் இருந்தவரை கதவு இடித்தாலே கன்றிப் போகும். ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். முன்பெல்லாம் அடுத்த தீபாவளி, அடுத்த வருடம் என்று பேசுகிறவள். அப்போது என் நாள் ஒரு மாத்திரையிலிருந்து அடுத்த மாத்திரை வரை மட்டுமே நீண்டது. எடுத்த எலும்பின் இடத்தில் வலி இல்லை. ஆனாலும் குனியும்போதெல்லாம் கை தானாகப் போய் அங்கே தடவிப் பார்த்தது. மாத்திரையை நிறுத்தின பிறகும் அது நிற்கவில்லை.

ஒருவழியாக மருத்துவர் அனுமதி தந்தார். ஸ்மாஷ் கிடையாது, முன்கையால் எடுக்க மட்டும். விஜி பூப்போல ஒரு சர்வீஸ் போட்டாள்.

"ஒழுங்கா அடிடி!" என்று கத்தினேன்.

அடித்தாள். எடுத்தேன். எரிந்தது.

மைதானத்திலிருந்து நேராக ராயப்பேட்டைக் கடைக்குப் போய், செல்வத்தின் முன்னால் கைகளை நீட்டினேன். அவர் கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னை வெயிலுக்கு வரச் சொன்னார்.

"ரெண்டுலயும் செவப்பு கீதா?"

"நீயே பாரு மாமா. ரெண்டுலயும் கீது."

குனிந்து பார்த்தார். பிறகு, எத்தனையோ மாதங்களுக்குப் பின், என் மணிக்கட்டுகள் இரண்டையும் பிடித்தார். நீவவில்லை. பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் விட்டதும் பார்த்தேன். வலது மணிக்கட்டில் மட்டும் கருநீலமாக ஏதோ படர்ந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன்.

கிரீஸ்.